ஜாக் ஸ்பாரோ மட்டும் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வேறு ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே, ஜாக் ஸ்பாரோ என்ற கடற்கொள்ளையன் வரும் 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' ஹாலிவுட் பட வரிசையில் நான்காவது படம் என்னை ரொம்பவே ஏமாற்றியது என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இப்போது மேசை முழுக்கக் கிடக்கின்றன. பாதிப் பேர் 'எனக்கும் அப்படித்தான்' என்கிறார்கள், மீதிப் பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை கடற்கொள்ளையர்களோடு மட்டும் உட்கார்ந்துவிட்டேன்.

கேள்வி: முதல் மூன்று படங்களையும் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. 2011-ல் நான்காவது படமான 'ஆன் ஸ்ட்ரேஞ்சர் டைட்ஸ்' வந்தபோது முதல் நாளே ஓடினேன். ஜாக் ஸ்பாரோ படம் முழுக்க வருகிறார், கண்ணை விட்டு அகலவே இல்லை. அப்படியும் பாதியிலேயே கொட்டாவி வந்துவிட்டது. குறை என்னிடமா, படத்திலா?
– வாசகர், மதுரை

பதில்: 'ஜாக் ஸ்பாரோ படம் முழுக்க வருகிறார்' என்று எழுதியிருக்கிறீர்களே, பதில் அதிலேயே இருக்கிறது.

2003-ல் வந்த முதல் படத்தை நினைத்துப் பாருங்கள். அது யாருடைய கதை? கொல்லன் பட்டறையில் வாள் அடிக்கும் வில் டர்னருக்கு ஆளுநர் மகள் எலிசபெத் வேண்டும். எலிசபெத்துக்கு அந்த இறுக்கிக் கட்டிய உடையிலிருந்தும் ஊர் மரியாதையிலிருந்தும் வெளியே வந்து மூச்சு விட வேண்டும். கடற்படை அதிகாரி நாரிங்டனுக்குச் சட்டமும் நிலைக்க வேண்டும், எலிசபெத்தும் வேண்டும். கொள்ளையர் தலைவன் பார்போசாவுக்குச் சாபம் நீங்க வேண்டும், ஒரு ஆப்பிளைக் கடித்தால் அதன் ருசி நாக்கில் தெரிய வேண்டும், அவ்வளவுதான், ஆனால் அதற்காக அவர் கொலையும் செய்வார். இத்தனை பேருடைய ஆசைக்கும் நடுவே ஜாக் நுழைகிறார். அவருக்கு வேண்டியது பறிபோன 'பிளாக் பேர்ல்' கப்பல். அதற்காக ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பொய்யைச் சொல்லி, வில்லை பார்போசாவிடம் விற்று, பார்போசாவை நாரிங்டனிடம் விற்று, கடைசிச் சண்டை வரைக்கும் இந்த ஆள் யார் பக்கம் என்று நமக்கே தெரியாமல் வைத்திருக்கிறார். நாம் இருக்கை நுனியில் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் அதுதான்.

கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கட்டியங்காரன் வந்தால்தான் களம் கலகலக்கும். ராஜாவையே கேலி பேசுவான், கதையைக் குறுக்கே வெட்டுவான், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனாலும் விடிய விடிய நாம் உட்கார்ந்திருப்பது பாஞ்சாலியின் சபதம் என்ன ஆகும் என்பதற்காக. பாஞ்சாலியையும் துரியோதனனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு கட்டியங்காரனை மட்டும் விடியும்வரை ஆடச் சொன்னால், அவன் எவ்வளவு பெரிய கலைஞனாக இருந்தாலும் நடுச்சாமத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். நான்காவது படத்தில் நடந்தது இதுதான்.

வில்லும் எலிசபெத்தும் இல்லாமல் போனதை நான் குறை சொல்ல மாட்டேன். மூன்றாவது படத்தின் முடிவில் அவர்கள் கதை முடிந்துவிட்டது. பத்து ஆண்டு கடலில், ஒரே ஒரு நாள் கரையில் என்று வில்லுக்கு விதி எழுதி முடித்த அந்த முடிவு எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். குறை என்னவென்றால், அவர்கள் இருந்த இடத்தில் யாரையுமே உட்கார வைக்கவில்லை. ஃபிலிப் என்ற இளம் பாதிரியாரையும் சைரீனா என்ற கடற்கன்னியையும் கொண்டு வந்தார்கள். கேட்கும்போதே நன்றாக இருக்கிறது அல்லவா, இறைப்பணிக்கு வந்த ஒருவனும், மனிதர்களைக் கடலுக்குள் இழுத்துக் கொல்லும் இனத்தில் பிறந்த ஒருத்தியும்! ஒரு முழுப் படத்துக்குப் போதுமான விஷயம் இது. ஆனால் இருவருக்கும் பேசவே நேரம் கொடுக்கவில்லை. கடைசியில் காயம்பட்டுக் கிடக்கும் அவனை அவள் முத்தமிட்டு நீருக்குள் அழைத்துப் போகிறாள். பிழைத்தானா, செத்தானா? அந்தப் படமும் சொல்லவில்லை, அடுத்த படமும் சொல்லவில்லை.

சரி, ஜாக்குக்காவது ஏதாவது வேண்டுமா? இளமை தரும் ஊற்றைத் தேடித்தான் எல்லோரும் போகிறார்கள். ஜாக்கும் போகிறார், பாதி வழி கட்டாயத்தின் பேரில். கடைசியில் அந்த நீரைக் குடிக்கக்கூட இல்லை. தனக்கென்று தீராத ஆசை எதுவும் இல்லாத ஒருவரின் பின்னால் இரண்டேகால் மணி நேரம் காடு மேடெல்லாம் நடந்தால் கொட்டாவி வராமல் என்ன செய்யும்?

இதில் எனக்கு உண்மையிலேயே வலிப்பது பார்போசாதான். அந்தப் படத்தில் நெஞ்சில் நெருப்போடு இருக்கும் ஒரே ஆள் அவர். பிளாக்பியர்ட் என்ற கொள்ளையன் பேர்ல் கப்பலைப் பறித்திருக்கிறான், தப்பிப்பதற்காக பார்போசா தன் காலைத் தானே வெட்டிக்கொண்டிருக்கிறார், பழிவாங்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக வாழ்நாள் முழுக்க வெறுத்த ராஜாவின் உடையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். ஜெஃப்ரி ரஷ் அந்தக் கட்டைக் காலோடு பேசும் காட்சி வரும்போதெல்லாம் படத்துக்கு உயிர் வருகிறது. அவரை நடுவில் வைத்து, அவருடைய பழியை ஜாக் குறுக்கே வந்து கலைப்பதாக எழுதியிருந்தால் இன்று நாம் வேறு மாதிரிப் பேசிக்கொண்டிருப்போம். அதை விட்டுவிட்டு, நாம் உயிராக நேசித்த பேர்ல் கப்பலைச் சுருக்கி ஒரு பாட்டிலுக்குள் அடைத்துவிட்டார்கள். படம் முடியும்வரை அது பாட்டிலுக்குள்ளேயேதான் இருக்கிறது.

உங்களிடம் குறை எதுவும் இல்லை.

கேள்வி: அண்ணா, என் அப்பா சினிமா வியாபாரம் தெரிந்தவர். 'நூறு கோடி டாலருக்கு மேல் வசூல் செய்த படத்தைத் தோல்வி என்று எவன் சொன்னான்' என்று கேட்கிறார். என்ன பதில் சொல்வது?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: அப்பா சொல்லும் கணக்கு சரிதான் தம்பி. உலகம் முழுக்க அந்தப் படம் வசூலித்தது சுமார் 104 கோடி டாலர். ஆனால் அதே கணக்கை இன்னொரு பக்கம் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். சொந்த நாடான அமெரிக்கா, கனடா வசூலை மட்டும் எடுத்துக்கொண்டால் முதல் படம் சுமார் 30 கோடி டாலர், இரண்டாவது 42 கோடி, மூன்றாவது 31 கோடிக்குக் கொஞ்சம் குறைவு, நான்காவது 24 கோடி, ஐந்தாவது 17 கோடி. இரண்டாவது படத்தில் மேலே போன கோடு அதற்குப் பிறகு ஏறவே இல்லை. அதுவும் நான்காவது படம் 3டி, டிக்கெட் விலை கூடுதல். விலை ஏறியும் எட்டு ஆண்டுக்கு முன்னால் வந்த முதல் படத்தை அங்கே தொட முடியவில்லை என்றால், படத்தைப் பார்த்தவர்கள் பக்கத்து வீட்டில் போய் 'நீயும் பார்' என்று சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

வெளிநாட்டு வசூல்தான் காப்பாற்றியது, 80 கோடி டாலர். அது முந்தைய மூன்று படங்கள் உலகம் முழுக்கச் சேர்த்து வைத்த அன்பு. நானும் அந்த அன்பில்தான் டிக்கெட் வாங்கினேன், நீங்களும் அப்படித்தான் வாங்கியிருப்பீர்கள். படம் பிடித்திருந்ததா என்பது டிக்கெட் வாங்கிய பிறகுதானே தெரியும்.

செலவையும் அப்பாவிடம் சொல்லுங்கள். முதல் படத்துக்குச் சுமார் 14 கோடி டாலர். நான்காவது படத்துக்கு, அரசு கொடுத்த வரிச்சலுகை எல்லாம் கழித்த பிறகும், ஏறத்தாழ 38 கோடி. இவ்வளவு செலவழித்த ஒரு கடற்கொள்ளையர் படத்தில் இரண்டு கப்பல்கள் நேருக்கு நேர் நின்று பீரங்கியால் சுட்டுக்கொள்ளும் ஒரு சண்டைகூட இல்லை. எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் அது.

கேள்வி: சார், எல்லாப் பழியும் இயக்குநர் மாறியதற்குத்தானே போக வேண்டும்? முதல் மூன்று படங்களை எடுத்த கோர் வெர்பின்ஸ்கி இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பாதிதான் ஒப்புக்கொள்வேன். நான்காவது படத்தை எழுதியவர்கள் முதல் மூன்று படங்களையும் எழுதிய அதே டெட் எலியட்டும் டெர்ரி ரோசியோவும்தான். தயாரிப்பாளரும் அதே ஜெர்ரி ப்ரக்கைமர். புதிதாக வந்த ராப் மார்ஷல் ஒன்றும் சாதாரண ஆள் இல்லை, அவர் எடுத்த 'சிகாகோ' சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. ஆனால் அவர் மேடையிலிருந்தும் நடனத்திலிருந்தும் வந்தவர். லண்டன் அரண்மனையில் ஜாக் சங்கிலியோடு தப்பிக்கும் காட்சியிலும் பழைய காதலி ஏஞ்சலிகாவோடு மோதும் வாள்சண்டையிலும் அது தெரிகிறது, காலடிகள் அளவெடுத்தது போல விழுகின்றன. கடல் வரும்போதுதான் கை வரவில்லை.

வெர்பின்ஸ்கியின் பலமே கடலும் அழுக்கும். அவர் படங்களில் பல்லில் கறை இருக்கும், மரத்தில் பாசி இருக்கும், முகத்தில் உப்பு காய்ந்திருக்கும். மூன்றாவது படத்தின் கடைசியில் வரும் அந்தப் பெருஞ்சுழிச் சண்டையை எங்கே எடுத்தார்கள் தெரியுமா? கலிஃபோர்னியாவில் பாம்டேல் என்ற ஊரில், விமானங்களுக்கான ஒரு பெரிய கொட்டகைக்குள், இரண்டு கப்பல்களையும் கட்டி, ஆட்டி அசைக்கும் இயந்திரங்கள் மேல் ஏற்றி, மழையைக் கொட்டி எடுத்தார்கள். கடலே இல்லாத இடம் அது. ஆனாலும் நம் வயிற்றைக் கலக்கியது. நான்காவது படத்துக்கு ஹவாயில் நிஜக் கரை கிடைத்தது, நிஜக் கடல் கிடைத்தது. நம் மேல் ஒரு துளி நீர் படவில்லை. ஒரே விதிவிலக்கு, இரவில் கடற்கன்னிகள் படகைச் சூழும் காட்சி. மெல்ல ஒரு பாட்டு, தண்ணீரில் ஒரு முகம், பிறகு இன்னொன்று, பிறகு பல்! அந்தப் பத்து நிமிடத்துக்காக மார்ஷலுக்கு என் நன்றி.

வில்லன் டேவி ஜோன்ஸையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2006-ல் வந்த இரண்டாவது படத்தில் பில் நை ஒரு சாம்பல் நிற உடையை மாட்டிக்கொண்டு, முகத்தில் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு, மற்ற நடிகர்களோடு அதே களத்தில் நின்று நடித்தார், பிறகு கணினியில் அவர் மேல் அந்த ஆக்டோபஸ் தாடியை வளர்த்தார்கள். காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கர் அந்தப் படத்துக்குக் கிடைத்தது. ஆனால் விருதை விடுங்கள். தாடியால் ஆர்கன் வாசிக்கும் அந்தப் பிராணியின் கண்ணில் காதலில் ஏமாந்தவனின் துக்கம் தெரிந்ததே, வில்லன் என்றால் அப்படி இருக்க வேண்டும். நான்காவது படத்தின் பிளாக்பியர்ட் வேடத்தில் வந்த இயன் மெக்ஷேனுக்குக் குரலும் இருக்கிறது, பார்வையும் இருக்கிறது, எழுதிக் கொடுத்ததில்தான் ஒன்றும் இல்லை.

கேள்வி: அந்த பிளாக்பியர்ட் நிஜமாகவே வாழ்ந்தவர் என்று படித்திருக்கிறேன். படத்தில் காட்டியது எவ்வளவு உண்மை?
– ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: அம்மா, இந்தக் கேள்விக்காகவே உங்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். நிஜ மனிதரைப் பற்றிப் படித்த பிறகுதான் படத்தின் மேல் எனக்கு வருத்தம் இரட்டிப்பானது.

அவர் பெயர் எட்வர்ட் டீச் (தாட்ச் என்றும் எழுதுவார்கள்). 1717 நவம்பரில் 'லா கான்கார்ட்' என்ற பிரெஞ்சு அடிமைக் கப்பலைப் பிடித்து, பீரங்கிகளை ஏற்றி, 'குயின் ஆன்ஸ் ரிவெஞ்ச்' என்று பெயர் மாற்றினார். அடுத்த மே மாதம் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வாயிலையே அடைத்துக்கொண்டு நின்றார். போகிற வருகிற கப்பலையெல்லாம் பிடித்தார், ஊரின் பெரிய மனிதர்களைப் பணயமாக வைத்தார். என்ன கேட்டார் தெரியுமா? ஒரு பெட்டி மருந்து! மருந்து வந்து சேர்ந்ததும் நகை நட்டைப் பிடுங்கிக்கொண்டு ஆட்களை உயிரோடு விட்டுவிட்டார். பிடிபட்டவர்களை அவர் கொன்றதற்கு உறுதியான பதிவு இல்லை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தொப்பிக்கு அடியில் புகையும் திரிகளைச் செருகிக்கொண்டு, புகைக்கு நடுவே அந்தக் கறுத்த தாடியோடு வந்து நிற்பாராம், எதிரில் இருப்பவர்கள் அப்படியே சரணடைந்துவிடுவார்களாம். 1724-ல் வெளியான கடற்கொள்ளையர் வரலாற்று நூல் ஒன்று தரும் சித்திரம் இது, கொஞ்சம் மிகைப்படுத்தியும் இருக்கலாம். ஆனால் பயம்தான் அவருடைய ஆயுதம் என்பது தெளிவாகத் தெரிகிறது.

முடிவும் அப்படித்தான். 1718 நவம்பர் 22, வட கரோலினாவின் ஒக்ரகோக் தீவுக்கு அருகே. வர்ஜீனியா ஆளுநர் அனுப்பிய ராபர்ட் மேனார்ட் என்ற கடற்படை லெப்டினன்ட் தன் ஆட்களைக் கப்பலின் கீழ்த்தளத்தில் ஒளித்து வைத்திருக்கிறார். மேல்தளத்தில் ஆட்கள் அதிகம் இல்லை என்று நம்பி டீச் தாவி ஏறுகிறார், கீழேயிருந்து கூட்டமாக வெளியே வருகிறார்கள். உடலில் ஐந்து துப்பாக்கிக் காயம், இருபது வெட்டு. தலையைத் துண்டித்துக் கப்பலின் முன்கொம்பில் தொங்கவிட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். தலையில்லாத உடல் கப்பலைச் சுற்றி நீந்தியது என்று அந்தப் பக்கத்து மக்கள் கதை சொல்லிக்கொண்டார்கள்.

படத்தில் வருகிற ராஜா இரண்டாம் ஜார்ஜ். அவர் பட்டத்துக்கு வந்தது 1727-ல். ஆக, தலை போய் எட்டு ஆண்டுக்கும் மேல் ஆன ஒருவர் படத்தில் கப்பல் ஓட்டுகிறார். அதைத் தவறு என்று நான் சொல்லவே மாட்டேன், இந்தப் படங்களுக்கு அது பெரிய வரம்! செத்தவன் எப்படித் திரும்பி வந்தான், தலையற்று நீந்திய உடல் எங்கே கரையேறியது என்று ஆரம்பித்திருந்தாலே எவ்வளவு கிடைத்திருக்கும். அதை விட்டுவிட்டு, வாளை உயர்த்தினால் கயிறுகள் தாமாக எழுந்து ஆளைக் கட்டும் மந்திரத்தைக் கையில் கொடுத்தார்கள். மந்திரம் வந்துவிட்டால் பயம் எதற்கு? எதிராளியைப் பார்வையாலேயே வென்ற மனிதரிடமிருந்து அந்த ஒன்றைத்தான் எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்று. 1718 ஜூனில் வட கரோலினாக் கரையில் தரைதட்டிய அந்த 'குயின் ஆன்ஸ் ரிவெஞ்ச்' கப்பலை 1996-ல் கடலடியில் கண்டுபிடித்தார்கள். பீரங்கிகள், நங்கூரங்களோடு, பாதரசத் தடம் இருந்த ஒரு மருத்துவ ஊசிக்குழலும் கிடைத்தது. பாதரசம் அந்தக் காலத்தில் பால்வினை நோய்க்குக் கொடுத்த மருந்து. சார்ல்ஸ்டனில் அவர் ஏன் மருந்துப் பெட்டி கேட்டார் என்று யோசித்துப் பாருங்கள். நோயும் வலியுமாக ஒரு கப்பல் நிறைய ஆட்கள், அவர்களுக்காக ஒரு நகரத்தையே மிரட்டும் தலைவன். சாகாமல் இருக்க ஊற்றைத் தேடும் கதைக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

கேள்வி: நான்காவது படம் ஒரு நாவலிலிருந்து எடுத்தது என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, சேலம்

பதில்: உண்மை. டிம் பவர்ஸ் 1987-ல் எழுதிய, அதே பெயர் கொண்ட நாவல். அதில் ஜாக் ஸ்பாரோ கிடையாது. பொம்மலாட்டக்காரனாக இருந்த ஒருவன் கொள்ளையர் கையில் சிக்கி, தானும் கொள்ளையனாக மாறுகிற கதை. பிளாக்பியர்டும் இளமை ஊற்றும் அதில் உண்டு. படக்குழு அந்த இரண்டையும் பெயரையும் எடுத்துக்கொண்டது, கதையைத் தாங்கி நின்ற அந்த மனிதனை விட்டுவிட்டது. சாதாரண ஒருவன் கண் வழியாகத்தான் கடற்கொள்ளையர் உலகம் நமக்குப் பெரிதாகத் தெரியும். முதல் படத்தில் வில் செய்த வேலை அதுதான்.

கேள்வி: மூன்றாவது படத்தின் கொள்ளையர் சபையில் தலைப்பாகையோடு ஓர் இந்தியர் உட்கார்ந்திருப்பாரே, அவர் யார்? நிஜமான ஆளா?
– வாசகர், கடலூர்

பதில்: படத்தில் அவர் பெயர் ஸ்ரீ சும்பாஜி, இந்தியப் பெருங்கடலின் கொள்ளையர் தலைவர். பெயர் எடுக்கப்பட்டது சம்பாஜி ஆங்கரேயிடமிருந்து. அவருடைய தந்தை கனோஜி ஆங்கரே மராட்டியக் கடற்படைத் தளபதி. கொங்கண் கரையில் அவருடைய அனுமதிச் சீட்டு இல்லாமல் வணிகக் கப்பல்கள் போக முடியாது என்ற நிலையை உண்டாக்கினார். 1721-ல் ஆங்கிலேயரும் போர்ச்சுகீசியரும் சேர்ந்து அவருடைய கொலாபா கோட்டையைத் தாக்கியும் பிடிக்க முடியவில்லை. 1729-ல் அவர் இறக்கும்வரை யாராலும் அவரை அடக்க முடியவில்லை. ஆங்கிலேயர்கள் தங்கள் ஆவணங்களில் அவரைக் கொள்ளையன் என்றே எழுதினார்கள். நம் கடற்படை மும்பையில் உள்ள தன் தளத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறது.

நீங்கள் கடலூரிலிருந்து எழுதியிருப்பதால் இதையும் சொல்கிறேன். ஆங்கரே குடும்பத்தின் விஜயதுர்க் கோட்டை 1756 பிப்ரவரியில் விழுந்தது. அதைப் பிடித்தவர்களில் ஒருவர் ராபர்ட் கிளைவ். அங்கிருந்து கிளம்பி அவர் பொறுப்பேற்க வந்த இடம் உங்கள் ஊரின் புனித டேவிட் கோட்டை.

இப்படிப்பட்ட ஒரு குடும்பத்தின் பெயரை எடுத்து, படத்தில் அவருக்குக் கொடுத்தது கீச்சுக்குரலில் ஒரு சிரிப்பு வசனம். மூன்றாவது படத்தை நான் விரும்பிப் பார்த்தவன், ஆனால் அந்த இடம் வரும்போது ஒவ்வொரு முறையும் மனசு சுருங்கிப்போகும். வரைபடத்தில் கரீபியனைத் தாண்டி ஒரு கடல் இருக்கிறது, அங்கேயும் கதை இருக்கிறது என்று அவர்களே கதவைத் திறந்தார்கள், திறந்த வேகத்தில் மூடிவிட்டார்கள்.

கேள்வி: 2017-ல் வந்த ஐந்தாவது படமாவது பரவாயில்லையா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: வில்லன் சலாசாராக வந்த ஹாவியர் பார்டெமுக்காக ஒரு முறை பார்க்கலாம். நீரில் மிதப்பதுபோல் காற்றில் அலையும் அந்தத் தலைமுடி நல்ல கற்பனை. பார்போசாவின் முடிவும் என்னைக் கலங்க வைத்தது. ஆனால் ஜாக்கின் திசைகாட்டி விஷயத்தில் செய்த பிழையை மன்னிக்க முடியவில்லை. ஜாக் அந்தத் திசைகாட்டியை டியா டால்மா என்ற மந்திரக்காரியிடம் பண்டமாற்றாக வாங்கினார் என்று இரண்டாவது படத்தில் தெளிவாகச் சொன்னார்கள். ஐந்தாவது படத்தில், சாகும் நேரத்தில் ஒரு கப்பல் தலைவன் இளம் வயது ஜாக்கின் கையில் கொடுத்தான் என்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. அதைக் கைவிட்டால் உன் மிகப்பெரிய பயம் விடுதலையாகும் என்று புது விதி வேறு. இதே திசைகாட்டியை ஜாக் முன்பு எலிசபெத்திடம் கொடுத்திருக்கிறார், வில்லிடம் கொடுத்திருக்கிறார், அப்போதெல்லாம் ஒன்றும் ஆகவில்லையே? ரசிகர்கள் ஒவ்வொரு வசனத்தையும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். எழுதுகிறவர்கள் பழைய படத்தை ஒரு முறை போட்டுப் பார்த்திருக்கலாம்.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. இந்தப் படங்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பள்ளியில் எல்லோரும் பேசுகிறார்களாம். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? நேரம் குறைவு என்பதால் புதிய படத்தையே போட்டுவிடலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம், முதல் படத்தையே போடுங்கள். நிலவொளியில் எலும்புக்கூடுகள் வரும், கொஞ்சம் பயப்படுவாள், பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அவளுக்குப் பிடித்துவிட்டால் அடுத்த இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் பார்க்கலாம், மூன்றாவது நீளம் அதிகம், விடுமுறை நாளாகப் பாருங்கள்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஜாக் வருவார், அப்போது மட்டும் கைபேசியைக் கீழே வைத்துவிடுங்கள். பாய்மரத்தின் உச்சியில் கம்பீரமாக நிற்பார், இசை உயரும், பெரிய கப்பலின் தலைவர் என்று நினைப்போம். கேமரா இறங்கினால், அது தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் படகு. இறங்கி நீரை இறைப்பார். வழியில் தூக்கிலிடப்பட்ட கொள்ளையர்களின் எலும்புக்கூடுகள் தொங்கும், தொப்பியைக் கழற்றி மரியாதை செய்வார். படகு துறைக்கு வருவதற்குள் முழுதாக மூழ்கிவிடும், பாய்மரத்தின் முனை மட்டும் மிச்சம் இருக்கும், அதிலிருந்து ஒரே ஓர் எட்டு வைத்துக் கரையில் இறங்குவார். படகு நிறுத்த ஒரு ஷில்லிங், பெயரும் வேண்டும் என்று துறைமுகக்காரர் கேட்பார். மூன்று ஷில்லிங் தருகிறேன், பெயரை மறந்துவிடலாமே என்பார் ஜாக். அவரும் சரி என்று நோட்டை மூடிவிட்டு 'வாருங்கள் மிஸ்டர் ஸ்மித்' என்பார். போகிற போக்கில் அங்கே வைத்திருந்த அவருடைய பணப்பையை ஜாக் எடுத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு நடந்துபோவார்.

உங்கள் மகள் அந்த இடத்தில் சிரிக்கிறாளா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.